அவசரத்துக்கு அறுபது மார்க்

முன்பெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் அதற்குப் பத்தாம் நம்பர் அறை என்று பெயர். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தைத் தாண்டி, உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைக்கும் நடையின் கடைசியில் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு டாக்டர், பருமனான ஒரு நர்ஸ். மனசு சரியில்லை என்று யார் வந்தாலும் அந்த நர்ஸ் முதலில் படுக்கச் சொல்வார். படுத்தவர் அழுது ஓய்ந்த பிறகு டாக்டரைக் கூப்பிடுவார். பேர், விலாசம் எல்லாம் அதற்கப்புறம்தான். இப்படி ஒரு முறையும் இல்லாமல் இருபது வருஷம் நடந்ததில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. கணக்கு இல்லாததால், யாரும் பிழைக்கவில்லை என்றே மேலிடம் எடுத்துக்கொண்டது.

அதைச் சீர்படுத்தவென்றே ஒரு இயக்குநர் வந்து சேர்ந்தார். பத்தாம் நம்பர் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். ஒன்றரை வருஷத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. ஒருங்கிணைந்த மனநல அவசர உதவி மையம் என்று ஆளுயர எழுத்தில் பெயர்ப் பலகை. கட்டில்கள் அதே இரண்டுதான். ஆனால் தரையில் நான்கு நிறத்தில் கோடு போட்டிருந்தார்கள். திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். அவசரம் என்பது நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் சாமான் இல்லை என்றும், அது நாம் அளந்து பார்த்து, சரிபார்த்து, தகுதி உள்ளவருக்கு வழங்க வேண்டிய ஒன்று என்றும் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பருமனான நர்ஸைப் பழைய ஃபைல்கள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மையம் திறந்த ஐந்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, லிஃப்ட்காரர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார்.

லிஃப்ட் ரிப்பேர் அவர் தொழில். அடுக்குமாடிக் குடியிருப்பு, துணிக்கடை, ஆபீஸ் என்று ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர். ஐம்பது வயது. தங்கை அவரைவிட ஆறு வயது இளையவள். பாடப் புத்தகம் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துபவள். இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நாற்பத்து நான்கு வயதுத் தங்கையை அவர் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. சாப்பாடு தட்டில் அப்படியே ஆறிக் கிடந்தது. அச்சகத்தில் எந்த எழுத்தைப் பார்த்தாலும் தப்பாகத் தெரிகிறது என்று சொல்லி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். சோர்வுதான், சத்துக் குறைவுதான் என்று அண்ணன் டானிக் வாங்கிக் கொடுத்தார். அந்தத் திங்கட்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தபோது, அவருடைய வேலைச் சட்டைகள் ஆறும் இஸ்திரி போட்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு துண்டுச் சீட்டு. கேஸ் புக் எங்கே, வீட்டுப் பத்திரம் எங்கே, அவருடைய பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் என்று முத்து முத்தான எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். அவர் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, எனக்கு என்னைப் பாத்தா பயமா இருக்கு. எங்கயாவது கூட்டிட்டுப் போ."

சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஆட்டோ பிடித்தார்.

மையத்தின் வாசலில் இருந்த செக்யூரிட்டி தடித்த ரிஜிஸ்தர் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். நோயாளி யார், துணை யார், துணைக்கு நோயாளி என்ன உறவு என்று எழுதிக்கொண்டார். பிறகு, அவசரமா, அவசரமில்லாத அவசரமா என்று கேட்டார். லிஃப்ட்காரர் விழித்தார். சிவப்புக் கோடு அவசரத்துக்கு, மஞ்சள் கோடு அவசரமில்லாத அவசரத்துக்கு, பச்சை விசாரணைக்கு, நீலம் கழிப்பறைக்கு என்று செக்யூரிட்டி பொறுமையாக விளக்கினார். சிவப்பு என்று சொன்னதும் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். தலை வாரியிருக்கிறது, புடவை கசங்கவில்லை, சொந்தக் காலில் நடந்து வந்திருக்கிறார்கள், சிவப்பில் விட்டால் தன் வேலை போய்விடும் என்று சொல்லி மஞ்சளில் நிறுத்தினார்.

மஞ்சள் கோடு ஒரு கவுண்ட்டரில் போய் முடிந்தது. அங்கே எட்டுப் பக்க ஃபாரம். அறுபத்து நான்கு கேள்வி. தங்கை மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினாள். பழக்க தோஷம், தலைப்பில் மனநளம் என்று அடித்திருந்ததை அவளால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு கோடு கிழித்து ஓரத்தில் மனநலம் என்று திருத்தினாள். நாற்பத்தோராவது கேள்வி, உங்களுக்கு வாழ பிடிக்கிறதா என்று இருந்தது. வாழ என்பதற்குப் பக்கத்தில் விட்டுப்போன ப் ஒன்றைச் சேர்த்தாள். பிறகு, இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

கவுண்ட்டரில் இருந்த குமாஸ்தா ஃபாரத்தைப் பார்த்து அசந்துபோனார். இத்தனை நாளில் இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதித் தந்ததில்லை என்றார். அந்த ப்-ஐக் காட்டி, பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லிப் பாராட்டினார். அதற்குக் கீழே இருந்த டிக்கை இரண்டு பேருமே பார்க்கவில்லை. கையெழுத்து நடுங்காததற்கு ஐந்து, பிழை கண்டுபிடிக்கும் தெளிவுக்கு ஐந்து என்று பத்து மார்க் கழித்துக்கொண்டார்.

மார்க் விஷயம் அப்போதுதான் லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. அவசரத்துக்கு நூற்றுக்கு அறுபது வேண்டும். அறுபதும் அதற்கு மேலும் வாங்கினால் கட்டில். அதற்குக் கீழே என்றால் ஆறு வாரம் கழித்து ஒரு தேதி. ஆனால் தொண்ணூறைத் தாண்டிவிடக் கூடாது; தாண்டினால் அது மையத்தின் தகுதிக்கு மீறிய அவசரம் என்று போலீஸுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக, சாகத் துணிந்து வருகிறவர் அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் ஒரு நிதானத்தோடு வரவேண்டும்.

அடுத்தது முதல்நிலை ஆலோசகர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையில் கேள்விகள் ஒவ்வொன்றாக வர, அவர் அதைப் பார்த்தே படித்தார். இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்றார். தங்கை யோசித்தாள். எண்ணாகச் சொல்லத் தெரியவில்லை, ஒரு பெரிய கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கல் என்பதற்குப் பலகையில் கட்டம் இல்லை. எண் சொல்லாதவர்களுக்குச் சராசரியாக ஐந்து போடுவது வழக்கம் என்று ஐந்து போட்டார். எழுந்துகொள்ளும்போது அவள் நன்றி என்று சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பலகையை மறுபடி எடுத்து, நன்றிக்கு இரண்டைக் கழித்தார்.

மொத்தம் முப்பத்து நான்கு.

ஆறு வாரம் கழித்து வரும் தேதியை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். அண்ணனும் தங்கையும் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் அந்த ஆறு சட்டைகள் இருந்தன.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு கிட்டே வந்தார். பழைய பத்தாம் நம்பர் அறையிலும் அவர்தான் பெருக்கியவர். சத்தம் வராத வரைக்கும் இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அந்த அம்மாவை நாலு சத்தம் போடச் சொல்லுங்கள், முடிந்தால் எதையாவது எடுத்து வீசச் சொல்லுங்கள், உடனே கட்டில் கிடைக்கும் என்று குனிந்து பெருக்குகிற மாதிரியே சொல்லிவிட்டு நகர்ந்தார்.

லிஃப்ட்காரர் தங்கையைப் பார்த்தார். சின்ன வயதில் தேள் கொட்டியபோதுகூட, தூங்குகிற அப்பா எழுந்துவிடுவாரே என்று வாயைப் பொத்திக்கொண்டவள். ஆனாலும் கேட்டார். ஒரே ஒரு தடவை, பாப்பா, எனக்காக என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"எனக்கு உதவி வேணும்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர், வழி கேட்கிறாள் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொண்டார். அவ்வளவுதான். அவள் உட்கார்ந்துவிட்டாள். முடியவில்லை அண்ணா, எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாள். தூரத்திலிருந்து இதைக் கவனித்த ஆலோசகர், தன் தேவையைத் தெளிவாக எடுத்துச் சொல்லத் தெரிகிறது என்று பலகையில் பதிந்து இன்னும் இரண்டைக் கழித்தார். முப்பத்து இரண்டு.

ஒரு டாக்டரையாவது நேரில் பார்த்துவிடுவது என்று லிஃப்ட்காரர் மாடிப்படி ஏறினார். டாக்டர்கள் எல்லாரும் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். அன்றைக்குக் கருத்தரங்கு. மனநல அவசரப் பணியின் மாறிவரும் பங்கு என்று படி நெடுக பேனர் தொங்கியது. இரண்டாம் மாடி திரும்பும்போது, தடதடவென்று இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. தொழில்காரர் காதுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. உள்ளே இயக்குநர்.

லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறோம், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று ஒரு அதிகாரி கதவுக்கு வெளியே நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ரிஜிஸ்தரும் வைத்திருந்தார். உள்ளே எத்தனை பேர், எந்தப் பிரிவு என்று கேட்டார். உள்ளேயிருந்து வந்த குரலில் திறப்பு விழாவின் கம்பீரம் இல்லை.

"முதல்ல கதவத் தெறங்கய்யா. பேரு ஊரெல்லாம் அப்புறம் கேளுங்க. எனக்கு மூச்சு முட்டுது."

லிஃப்ட்காரர் அதிகாரியை ஒதுக்கிவிட்டுக் கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசினார். தான் லிஃப்ட் மெக்கானிக் என்றும், பெட்டி கீழே விழாது என்றும், தரையில் உட்கார்ந்து மூச்சை மெதுவாக விடுங்கள் என்றும் சொன்னார். மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஓடி மெயினை அணைத்தார். ஒரு செக்யூரிட்டியைப் பிரேக்கை விடுவித்துப் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை இறக்கினார். சாவிக்கொத்தில் எப்போதும் இருக்கும் மூன்று மூலைச் சாவியால் கதவைத் திறந்தபோது எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். எட்டு நிமிஷம் எட்டு யுகமாக இருந்தது என்றார். லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன வேண்டும் கேளுங்கள் என்றார். லிஃப்ட்காரர் கேட்டார். இயக்குநர் ஆள் அனுப்பி மார்க் தாளை வரவழைத்தார். முப்பத்து இரண்டைப் பார்த்ததும் பிடித்த கையை மெல்ல விட்டார்.

"நீங்க பண்ணினது பெரிய உதவி. அதுக்காக முப்பத்திரண்ட அறுபதாக்கினேன்னு வைங்க, அப்புறம் அறுபதுக்கு என்ன மரியாதை? நாளைக்கு ஒருத்தர் ஃபேன் ரிப்பேர் பண்ணிட்டு வந்து கேப்பாரு. இன்னிக்கு நான் இருக்கேன், நாளைக்கு இல்ல. மார்க் எப்பவும் இருக்கும். தங்கச்சிய மனச தைரியமா வெச்சுக்கச் சொல்லுங்க."

அந்த இடத்தில்தான் லிஃப்ட்காரருக்கு ஏதோ அறுந்தது. முப்பது வருஷம் மாடி மாடியாக ஏறி, திட்டிய முதலாளிகளுக்கெல்லாம் சரிங்க சார் என்றே சொல்லி வந்த மனுஷன். இயக்குநர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியைத் தூக்கி, கருத்தரங்குக்கு வைத்திருந்த கண்ணாடிப் பலகை மேல் வீசினார். கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவள் செத்துப்போய்விடுவாள் என்றுதான் கத்தினார். திரும்பத் திரும்ப அதையே கத்தினார். பேர் கேட்டார்கள், சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ஊசி இறங்கியது.

சத்தத்துக்கு இருபத்தைந்து. சேதத்துக்கு இருபத்தைந்து. பேர் சொல்லாததற்குப் பத்து. ஒரே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னதற்குப் பதினைந்து. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததற்கு ஐந்து. ஆகமொத்தம் எண்பது. கருத்தரங்குக்கு வந்தவர்கள் எல்லாரும் படியில் நின்று பார்த்தார்கள். இயக்குநருக்குப் படபடப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் அவர்கள் பக்கம் திரும்பி, பேச்சில் விளக்க நினைத்ததை நேரிலேயே காட்டிவிட்டோம், வாசலில் துணையாக வந்தவர்தான் உண்மையான நோயாளி என்பதை நம் முறை இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது என்றார். சிலர் கைதட்டினார்கள்.

தங்கை படியேறி ஓடி வந்தாள். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். குமாஸ்தா அவளை அடையாளம் கண்டுகொண்டு மரியாதையாக உட்காரவைத்தார். நோயாளியின் துணை கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினார். அவள் ஏழு இடத்தில் போட்டாள். துணையாக இருக்க எல்லாத் தகுதியும் உள்ளவர் என்று அவளைப் பற்றி எழுதினார்கள். அதற்கு மார்க் ஏதும் கழிக்கவில்லை.

லிஃப்ட்காரர் கண் விழித்தபோது செவ்வாய்க்கிழமை காலை. எழுபத்திரண்டு மணி நேரக் கண்காணிப்பு என்றார்கள். வியாழன் மத்தியானம்தான் விடுதலை. தனக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரிடம் சொன்னார். முதல் நாள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் டாக்டர். தங்கையைப் பாருங்கள், அவள்தான் சாகப்போகிறாள் என்றார். டாக்டர் வருத்தத்தோடு, தன் நோயைத் தங்கை மேல் ஏற்றிப் பேசுகிறார் என்று எழுதிக்கொண்டார். குரலை உயர்த்தினால் எழுபத்திரண்டு மணி நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று நர்ஸ் காதோடு எச்சரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் லிஃப்ட்காரர் வாயே திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. மூன்று நாளும் அது காலியாகவேதான் இருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. அறுபது மார்க் வாங்கி யாரும் வரவில்லை.

சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை பார்வையாளர் நேரம். நடுவில் கண்ணாடித் தடுப்பு. பேசுவதற்கு அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். தங்கை வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை ஒன்று கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டார். நீ சாப்பிட்டாயா என்று அவள் கேட்டாள். முந்தின நாள் அவர் மயக்கத்தில் இருந்தபோதும் வந்து ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாளாம். ராத்திரி பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள் என்றார். அவர்கள் மகளுக்குப் பரீட்சை, எப்படித் தொந்தரவு செய்வது என்றாள். அச்சகத்துக்குப் போன் பண்ணு என்றார். சரி என்றாள். அவள் சரி என்றால் செய்ய மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

"நீ எப்ப வருவ அண்ணா?"

"நாளன்னிக்கு மத்தியானம். ரெண்டே நாளு. அதுவரைக்கும் இருந்துடு பாப்பா. எப்படியாவது இருந்துடு."

"இருக்கேன்" என்றாள். கண்ணாடியில் அவள் கை வைத்த இடத்தில் ஈரம் படிந்தது. மணி அடித்ததும், தாமதித்தால் மற்றவர்களுக்குச் சிரமம் என்று உடனே எழுந்துகொண்டாள்.

புதன்கிழமை நாலு மணிக்கு அவர் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஐந்து மணி வரை உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. ஓடிப் போய்க் கதவைத் தட்டவேண்டும் போல இருந்தது. தட்டினால் இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு பேசாமல் இருந்தார். அமைதியாக இருக்கிறார், நல்ல முன்னேற்றம் என்று எழுதினார்கள். துணை வராததற்காகக் குடும்ப ஒத்துழைப்பில் மட்டும் ஒரு மார்க் குறைந்தது.

வியாழன் மத்தியானம் அவரை அனுப்புவதை ஒரு சின்ன விழாவாகவே வைத்தார்கள். புதிய முறையில் முழுதாகக் குணமாகிப் போகும் முதல் நோயாளி அவர். ஒரு சான்றிதழ், ஒரு பூங்கொத்து. இயக்குநர் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். சீக்கிரம் விட்டால் போதும் என்று லிஃப்ட்காரர் சிரித்தார். பிறகு பூங்கொத்தோடு ஆட்டோவில் ஏறினார்.

வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. எல்லாம் பழக்கமில்லாத செருப்புகள். அவர் ஆட்டோவிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்துவிட்டு, என்ஜினை அணைத்துவிட்டார்.

தங்கை புதன்கிழமை சாயங்காலமே இறந்துவிட்டாள். விளக்கு எரியவில்லையே என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மாதான் முதலில் பார்த்தது. உடனே மையத்துக்குப் போன் பண்ணியிருக்கிறார். கண்காணிப்பில் இருப்பவருக்கு அதிர்ச்சி தரும் செய்தி எதையும் சொல்லக் கூடாது என்பது விதி என்று அங்கே சொல்லிவிட்டார்கள். போன் வந்த நேரத்தை ரிஜிஸ்தரில் குறித்து, மூன்று பேர் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அதாவது போட்டோ எடுத்த அன்றைக்கு அவர்களுக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து, பெருக்கும் அம்மாள் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை மையத்துக்கு வந்திருக்கிறாள். பார்வையாளராக வரவில்லை. தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்திருக்கிறாள். துணை யார் என்று செக்யூரிட்டி கேட்டாராம். அண்ணன் என்றாளாம். எங்கே என்று கேட்டதற்கு, உள்ளே கட்டிலில் என்றாளாம். துணை இல்லாமல் சேர்க்க முடியாது, உள்ளே இருக்கும் நோயாளி துணையாக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தர முடியுமா என்று குமாஸ்தாவைக் கேட்டிருக்கிறாள். கண்காணிப்பில் இருப்பவர் கையெழுத்து செல்லாது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"ஒரு மணி வரைக்கும் அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க. நான் கொஞ்ச நேரம் பக்கத்துல இருந்தேன். சூப்பர்வைசர் கூப்பிட்டாரு, போயிட்டேன். போயிருக்கக் கூடாது. வந்து பாத்தா பெஞ்சு காலியா இருந்துச்சு."

கூடத்துக்கும் அவருடைய கட்டிலுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. நாற்பது அடிகூட இருக்காது. அந்தப் பத்திலிருந்து ஒன்று வரை தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று லிஃப்ட்காரர் யோசித்தார். நல்ல பேர் வாங்குவதற்காக அசையாமல் படுத்திருந்தார்.

புகார் கொடுத்தார். ஐந்து பேர் கமிட்டி போட்டார்கள். கமிட்டி முன்னால் இயக்குநர் கிட்டத்தட்டக் கண் கலங்கியே பேசினார். அன்றைக்கு வேலையில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதியையும் கடைப்பிடித்திருப்பதை ஃபைல் காட்டுகிறது என்றும், இத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு தவறுகூட நடக்காத நாள் அபூர்வம் என்றும், அப்படி ஒரு நாளில் இது நடந்ததுதான் தன்னை மிகவும் வேதனைப்படுத்துகிறது என்றும் சொன்னார். இறந்தவர் மையத்தின் நோயாளியாகப் பதிவாகவே இல்லாததால் மையத்தின் கணக்கில் இறப்பு இன்னும் பூஜ்யம்தான் என்பதையும் கமிட்டி கவனிக்க வேண்டும் என்றார். கமிட்டி கவனித்தது. ஆனாலும் இது போல இன்னொரு முறை நேரக் கூடாது என்று ஒரு சீர்திருத்தத்தைப் பரிந்துரைத்தது. இனிமேல் நோயாளியோடு வரும் துணை, தனக்கு ஒரு துணையையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

லிஃப்ட்காரருக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. அந்த நாள்களில் வீட்டில் இருக்க முடியவில்லை. எங்கே போவது என்றும் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கால் தானாக மையத்துக்குப் போயிற்று. கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தார். துணை இல்லை என்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெரியவர் படியில் தடுமாறியபோது எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டார். யார் என்று செக்யூரிட்டி கேட்டதற்கு, மகன் என்று வாயில் வந்துவிட்டது. அப்படித்தான் தொடங்கியது. அப்புறம் ஒரு வாரம் ஒருவருக்கு மச்சான் ஆனார். ஒரு வாரம் ஒரு காலேஜ் பெண்ணுக்குப் பெரியப்பா. ஒரு அம்மாளுக்குச் சம்பந்தி. துணைக்குத் துணையாகப் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கைநாட்டு வைத்தார். வாசலைத் தாண்டினாலும் எல்லாருக்கும் அறுபது கிடைத்துவிடவில்லை. முப்பதும் நாற்பதும் வாங்கியவர்களோடு லிஃப்ட்காரர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்; சாயங்காலம் அவர்கள் வீடு வரைக்கும் கூடப் போனார். சிலருக்கு மறுநாள் வேலை முடிந்து போன் பண்ணினார். இப்படி ஒரு வருஷம் போயிற்று.

அன்றைக்கு வந்த பெண்ணுக்கு நாற்பதுக்குப் பக்கம் வயது இருக்கும். ஏதோ ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. வேலையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருப்பாள் போல. தலை வாரியிருந்தாள். குரலும் நிதானமாகத்தான் இருந்தது. கைப்பையின் வாரை மட்டும் விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று செக்யூரிட்டி கேட்டார். யாரும் இல்லை, மன்னிக்கணும் என்றாள்.

லிஃப்ட்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

செக்யூரிட்டிக்கு அவரைத் தெரியும். அவரை மகன் என்றும் மச்சான் என்றும் எழுதி எழுதி ரிஜிஸ்தரே பாதி நிரம்பியிருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேனாவை எடுத்தார்.

"என்ன உறவு?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். ஒரு வருஷத்தில் எத்தனையோ உறவு சொல்லிவிட்டார். இது ஒன்றை மட்டும் இதுவரை சொன்னதில்லை.

"அண்ணன்" என்றார்.

செக்யூரிட்டி நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அந்த ஒரு கையெழுத்தைப் போட்டு முடிக்க லிஃப்ட்காரருக்கு வெகுநேரம் ஆயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.